கல்லுக்குக் குலம் ஏது?

கூட்டம் பெரிது. பேச்சாளரோ நாவன்மை மிக்க நண்பர். "15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, உலகம் உறங்கிக் கிடந்த காலத்திலேயே, அத்திரம்பாக்கத்தில் ஆயுதம் வடித்தவன் தமிழன்!" என்று அவர் முழங்கியபோது எழுந்த கையொலி அடங்க நெடுநேரம் ஆயிற்று. நாமும் கை தட்டினோம், மறைப்பானேன்? கூட்டம் முடிந்து திரும்பும் வழியில், நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் உடன் நடந்து வந்தான். சிறிது தொலைவு பேசாமல் வந்தவன், பிறகு கேட்டான்: "ஐயா, அந்த ஆயுதத்தைச் செய்தவர் தமிழ் பேசினாரா?"

அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. எதையும் ஏன் என்று கேள், எப்படி என்று கேள், சான்று எங்கே என்று கேள் என்றெல்லாம் வகுப்பறையில் அவனுக்குச் சொல்லித் தந்தவர் நாமே. சொல்லித் தந்த பாடத்தைப் பிள்ளை நம்மிடமே திருப்பிப் படித்துக் காட்டினான். நாளை விடை சொல்வதாகக் கூறி அவனை அனுப்பிவிட்டோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்தக் கேள்வியின் விளைவே இக்கட்டுரை.

நூலைத் திறனாய்வு செய்கிறோம், நாடகத்தைச் செய்கிறோம். கல்லையும் மனிதர் ஒரு நூலைப் போலப் படித்தே வந்திருக்கின்றனர். அந்தப் படிப்பு முறைகளையும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நம் கடமை. பிறர் படிப்பை மட்டுமன்று, நம் படிப்பையும்.

கிடைத்தது என்ன?

முதலில் செய்தியைச் செய்தியாகக் காண்போம். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் மனிதக் கை செதுக்கிய கல்லொன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், தம்முடன் பணியாற்றிய வில்லியம் கிங்கோடு கொசத்தலை ஆற்றுப் படுகைக்குச் சென்றவர், அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் அது.

அதே இடத்தில் 1999 முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் அகழ்ந்தனர். தோண்டியதோடு அவர்கள் நிற்கவில்லை, காலத்தை அளந்தனர். நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் கல்லை விண்ணிலிருந்து வரும் கதிர்கள் தாக்குகின்றன. அதனால் கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இரு தனிமங்கள் சிறிதளவு உண்டாகின்றன. கல் மண்ணுக்கடியில் புதைந்துவிட்டால், பிறகு புதிதாக உண்டாவது ஏறத்தாழ நின்றுவிடும்; உண்டானவை இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதையும். எஞ்சிய விகிதத்தைக் கொண்டு, புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். மண்ணடுக்கில் பதிந்துள்ள காந்தத் திசையையும் அவர்கள் சோதித்தனர். 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான முடிவு இது: அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகள் குறைந்தது 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை, சராசரியாக ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை. 2018இல் 'நேச்சர்' இதழில் மற்றொரு முடிவு வந்தது. அதே ஊரில் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு கைக்கோடரிகள் குறைந்து, சிறு சில்லுகளால் ஆன புதுவகைக் கருவிகள் பெருகத் தொடங்கின என்றது அது.

நண்பர் மேடையில் சொன்ன எண் பிழையன்று. எண்ணோடு அவர் ஒட்டவைத்த பெயர்தான் சிக்கல். அதற்கு வருமுன், நமக்கு முன்னே இக்கற்களைப் படித்தவர்களைப் பார்ப்போம்.

புராணிகன் படித்த படிப்பு

ஐரோப்பாவின் உழவன், ஏர் முனையில் தட்டுப்பட்ட கற்கோடரியை இடிக்கல் என்றான்; மின்னலோடு வானிலிருந்து விழுந்தது என்று நம்பி வீட்டில் வைத்துக் காத்தான். மாதாகோயிலோ அவன் கையில் வேறொரு கணக்கைக் கொடுத்தது. 17ஆம் நூற்றாண்டில் பேராயர் ஜேம்ஸ் அஷர், உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004இல் என்று கணக்கிட்டுச் சொன்னார். 1797இல் ஜான் ஃபிரியர் என்பார், இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் என்னும் ஊரில் கிடைத்த கைக்கோடரிகளைப் பற்றி, அவை நம் உலகத்துக்கும் முற்பட்ட காலத்தவையாக இருக்கக் கூடும் என்று எழுதினார், கேட்பார் இல்லை. பிரான்சில் புஷே த பெர்த் என்னும் சுங்க அதிகாரி, சோம் ஆற்றுச் சரளையில் கற்கருவிகளை யானை இனங்களின் எலும்புகளோடு எடுத்துக் காட்டியபோது கற்றோர் நகைத்தனர். 1859இல் பிரெஸ்ட்விச்சும் ஈவான்சும் நேரில் சென்று கண்டு ஒப்பிய பிறகே நகைப்பு நின்றது. அடுத்த 4 ஆண்டுகளில் பல்லாவரத்துக் கல் வெளிப்பட்டது. வேதநூலின் 6,000 ஆண்டுக் கணக்கு, சரளைக் குழியில் சரிந்து விழுந்தது.

நம் நாட்டுப் புராணிகன் இந்த வகையில் கஞ்சன் அல்லன். ஆண்டுகளை அள்ளி வழங்குவான். கிருத யுகம் 17,28,000 ஆண்டு, திரேதா யுகம் 12,96,000, துவாபர யுகம் 8,64,000, கலியுகம் 4,32,000 என்பது அவன் வாய்பாடு. கலி பிறந்தது கி.மு. 3102 என்றும் சொல்வான். நல்லது, அவன் கணக்கையே ஏற்றுக் கூட்டிப் பார்ப்போம். 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய காலம், சரியாகத் திரேதா யுகத்தின் நடுவிலே விழுகிறது! புட்பக விமானம் பறந்ததும், பொன்மாளிகை ஒளிர்ந்ததும், அசுவமேதக் குதிரை ஓடியதும் அந்த யுகத்தில்தானே? அந்த யுகத்து மண்ணை அத்திரம்பாக்கத்தில் அடுக்கடுக்காகத் தோண்டினார்கள். விமானத்தின் ஆணி ஒன்று வந்ததா? மாளிகையின் செங்கல் ஒன்று வந்ததா? வந்தது, கூழாங்கல்லைத் தட்டிச் செய்த கைக்கோடரி. பொற்காலம் என்று பாடப்பட்ட யுகத்தில், பொன்னும் இல்லை, செம்பும் இல்லை, சட்டிபானையும் இல்லை. தொடக்கத்தில் எல்லாம் நிறைந்திருந்தது, வரவரக் கெட்டது என்னும் யுகக் கதையை, மண்ணே எழுந்து நின்று மறுக்கிறது.

பேரரசு படித்த படிப்பு

புராணத்தை உதறிய அறிவியலாளன் தவறவே மாட்டான் என்று எண்ணிவிட வேண்டா. 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்னும் இடத்தில் ஆதி மனிதனின் மண்டையோடு கிடைத்ததாகச் சார்லஸ் டாசனும், ஆர்தர் ஸ்மித் உட்வர்டும் அறிவித்தனர். பெருமூளை, குரங்குத் தாடை, அருகிலேயே கற்கருவிகள்! முதல் மனிதன் எங்கள் மண்ணில் பிறந்தான், அவனுக்கு முதலில் வளர்ந்தது மூளை என்று ஆங்கிலேயப் பேரறிஞர் பலர் பூரித்தனர். 1924இல் தென்னாப்பிரிக்காவின் தாங் என்னும் இடத்தில் சிறுமூளையும் மனிதனை ஒத்த பல்லும் கொண்ட உண்மையான முன்னோன் கிடைத்தபோது, ரேமண்ட் டார்ட்டின் சொல்லைப் பெரும்பாலோர் புறக்கணித்தனர். ஆப்பிரிக்காவா? சிறுமூளையா? மதிக்க மனம் வரவில்லை. 1953இல் உண்மை வெளிவந்தது. பில்ட்டவுன் மண்டையோடு பிற்கால மனிதனுடையது. தாடை ஒராங் ஊத்தான் குரங்கினுடையது. பல்லை அராவிச் சாயம் பூசியிருந்தார்கள். 41 ஆண்டுகள் ஒரு மோசடி மதிக்கப்பட்டது. ஏமாற்றியவன் கெட்டிக்காரன் என்பது மட்டும் இதற்குக் காரணமாகாது. ஏமாறியவர்கள் கேட்க விரும்பியதையே அந்த எலும்பு சொல்லிற்று.

மற்றொன்று. ஹாலம் மோவியஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1940களில் ஆசிய நிலப்படத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு மேற்கே ஆப்பிரிக்கா, ஐரோப்பா, இந்தியா ஆகியவை அழகிய கைக்கோடரி செய்த நிலங்கள்; கிழக்கே சீனா முதலியவை முரட்டு வெட்டுக்கல்லோடு நின்றுவிட்ட, பண்பாட்டில் பின்தங்கிய நிலங்கள் என்றார். சென்னைக் கைக்கோடரி மரபு அவருடைய ஆராய்ச்சியில் உயர்ந்த பக்கத்தில் நின்றது. இங்கே தோழர்களுக்கு ஒரு கேள்வி. நம்மை உயர்ந்த பக்கத்தில் வைத்த கோடு என்பதால் அதை நாம் வாழ்த்தலாமா? 1978இல் கொரியாவின் சொன்கொக்-நி என்னும் இடத்தில் கைக்கோடரிகள் கிடைத்தன. 2000இல், சீனாவின் போசே படுகையில் கிடைத்த இருமுகக் கருவிகள் ஏறத்தாழ 8,03,000 ஆண்டுகள் பழைமையானவை என்று அறிவிக்கப்பட்டது. கிழக்கே கைக்கோடரி அரிது என்பது இன்றும் ஆராயத்தக்க செய்திதான். அதற்குக் கிடைத்த கல்லின் தன்மை காரணமா, மூங்கில் போன்ற வேறு பொருள் காரணமா, வாழ்முறை காரணமா என்று ஆராயலாம். ஆனால் ஒரு மக்கட்கூட்டமே மந்தமானது என்று தீர்ப்பெழுதிய பேனா தோற்றது.

நாம் படிக்கும் படிப்பு

இனி நம் பக்கம் வருவோம். அடுத்தவன் முதுகை மட்டும் தட்டிப் பார்ப்பது பகுத்தறிவு ஆகாது.

15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அத்திரம்பாக்கத்தில் கருவி செய்தவர் தமிழர் அல்லர். நாம் சேர்ந்திருக்கும் மனித இனமாகிய ஹோமோ சேப்பியன்சும் அல்லர். அந்த இனத்தின் மிகப் பழைய எலும்புகளாகக் கருதப்படுபவை மொராக்கோ நாட்டின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்தவை. அவற்றின் அகவை ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள் என்று 2017இல் கணக்கிட்டனர். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரி அதைப்போல 5 மடங்கு பழையது. மொழிக்கணக்கைப் பாருங்கள். திராவிட மொழிக்குடும்பம் ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் பழைமையானது என்று 2018இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டை இரு மடங்காக்கினாலும், பத்து மடங்காக்கினாலும், கைக்கோடரியின் காலத்துக்கு அருகே கூடச் செல்ல முடியாது. கல்லைச் செய்தவர் எலும்பு ஒன்றும் அத்திரம்பாக்கத்தில் கிடைக்கவில்லை. அவருக்குத் தமிழன் என்று பெயரிடுவதற்கும், திரேதா யுகத்து முனிவன் என்று பெயரிடுவதற்கும் சான்று வகையில் வேறுபாடு என்ன?

"எதிரிகள் நம்மை வரலாறு அற்றவர் என்றார்கள், அதற்கு விடையாகத்தானே பழம்பெருமை பேசுகிறோம்?" என்று நண்பர் கேட்கக்கூடும். அந்த வலியை நாம் அறிவோம். உனக்கு இலக்கணம் தந்தவன் வேறொருவன், எழுத்துத் தந்தவன் வேறொருவன் என்று தலைமுறை தலைமுறையாகக் குட்டுப்பட்ட கூட்டம், தலை நிமிர்ந்ததும் தன் அகவையைச் சொல்லி முழங்குவது இயல்பு. அந்த முழக்கம் பலரை எழுப்பியும் இருக்கிறது. ஆனால் எழுந்தவன் நடக்க உறுதியான தரை வேண்டும் அன்றோ? கீழடியில், பானை ஓட்டில் பெயர் கீறிய மக்களின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டு சென்றது 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை. எழுத்துக் கீறிய ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதோ எங்கள் முன்னோர் என்று சொல்வதற்குச் சான்று உண்டு. எழுத்தும் இல்லாத, பெயரும் இல்லாத, நம் இனமும் அல்லாத உயிரின் கல்லைப் பறித்து நம் கணக்கில் எழுதினால், நாளை எதிரி நம் பானை ஓட்டையும் ஐயுறுவான். "இவர்கள் கல்லுக்கே பொய் சொன்னவர்கள்" என்பான். அப்போது இழப்பு யாருக்கு?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூப்பினால் உயர்வு என்று நாமே ஒப்புக்கொண்டால், பிறப்பினால் உயர்வு என்பவனை எந்த வாயால் மறுப்பது? முன் பிறந்தவன் மேல், பின் பிறந்தவன் கீழ் என்பது வருணக் கணக்கின் மற்றொரு பதிப்பே. பில்ட்டவுனில் ஆங்கிலேயன் செய்த பிழையை, அத்திரம்பாக்கத்தில் நாம் செய்ய வேண்டா.

கல் தானே சொல்வது

அப்படியானால் அந்தக் கற்களில் நமக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு, மேடையில் முழங்கியதைவிடப் பெரிதாகவே உண்டு.

கைக்கோடரி எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். குவார்ட்சைட் என்னும் கெட்டிப் பாறையின் உருளைக்கல் ஒரு கையில். சுத்திக்கல் மறு கையில். நடுவில் ஓங்கி அடித்தால் கல் பொடியும், அல்லது கை நோகும். விளிம்பைத் தேடி, சாய்வு பார்த்து, அளவான விசையோடு தட்டினால் சில்லு ஒன்று கழன்று விழும். கழன்ற வடுவே அடுத்த அடிக்கு மேடையாகும். கல்லைத் திருப்பி மறுமுகத்தில் தட்ட வேண்டும். ஒவ்வோர் அடியும் அடுத்த அடியை எண்ணி விழ வேண்டும். 3,85,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதுமுறை இன்னும் நுட்பமானது. வேண்டிய சில்லின் வடிவத்தை மனத்தில் கொண்டு முதலில் கல்லைச் சீர்செய்து, பிறகு ஒரே அடியில் அச்சில்லைக் கழற்றி எடுப்பது. திட்டம் முன்னே, அடி பின்னே!

இதைத் தனியே அமர்ந்து கற்றுவிட முடியுமா? 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 184 பேருக்குக் கல்லுடைக்கும் கலையை ஐந்து வகைகளில் அறிமுகம் செய்தனர். செய்து முடித்த சில்லை மட்டும் பார்த்தவர் ஒருசாரார். செய்பவரைப் பார்த்தவர் ஒருசாரார். கற்பிக்கப்பட்டவர், சைகையால் கற்பிக்கப்பட்டவர், பேசிக் கற்பிக்கப்பட்டவர் என ஏனையோர். வெறுமனே பார்த்தவர்கள் பெரிதாக முன்னேறவில்லை. கற்பிக்கப்பட்டவர்களே தேறினர், பேசிக் கற்பிக்கப்பட்டவர்கள் மிகவும் தேறினர். கற்பித்தலின் வேர் கல்லுடைத்த களத்தில் இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. கற்பதற்கு உரிமை உள்ளவர் இவர், கேட்டாலே காதில் ஈயம் காய்ச்சி ஊற்றத் தக்கவர் அவர் என்று பிரித்திருந்தால், கைக்கோடரி இரண்டாம் தலைமுறையைக் கண்டிருக்குமா?

தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது. முகத்தில் பிறந்தவன் ஓதுவான், காலில் பிறந்தவன் உழைப்பான் என்ற கருத்தை ரிக் வேதத்துப் புருஷ சூக்தத்திலிருந்து எடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள். மண்ணுக்கடியில் கிடைத்த வரிசையோ வேறு. 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த லூசி என்னும் எலும்புக்கூடு ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுகள் பழையது. அதன் மூளை இன்றைய மனித மூளையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆனால் அது இரு காலில் நிமிர்ந்து நடந்தது. கென்யாவின் லொமெக்வியில் கிடைத்த கற்கருவிகள் 33 இலட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2015இல் அறிவித்தனர். ஹோமோ எனப்படும் நம் பேரினத்தின் அறியப்பட்ட எலும்புகள் எல்லாவற்றுக்கும் அவை முந்தியவை. முதலில் கால் நிமிர்ந்தது, கைக்கு விடுதலை கிடைத்தது, கை உழைத்தது, தலை அதன்பின் பெருத்தது. காலும் கையும் போட்ட சோற்றில் வளர்ந்தது தலை. வளர்ந்த பின், காலைத் தீண்டாதே என்கிறது!

மறுநாள் மாணவனிடம் விடை சொன்னோம். "அவர் தமிழ் பேசவில்லை, தம்பி. அவர் நம் குலமும் அல்லர், எவர் குலமும் அல்லர். மேடையில் சொன்னது பிழை, கை தட்டிய நாமும் பிழை செய்தோம்" என்றோம். அவன் முகம் வாடவில்லை. "அப்படியானால் அவர் எல்லாருக்கும் பொதுவா, ஐயா?" என்று கேட்டான். நாம் இரண்டு நாள் எண்ணியும் எட்டாத இடத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிட்டான்.

தோழர்களே, அடுத்த கூட்டத்தில் அத்திரம்பாக்கத்தைப் பற்றிப் பேசுங்கள், கட்டாயம் பேசுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1904இல் வாங்கிய ஃபூட்டின் சேகரிப்பைப் பற்றிச் சொல்லுங்கள். இளைஞர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஆனால் இப்படிப் பேசுங்கள்: "இந்த மண்ணில் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் கல்லை எடுத்துச் சிந்தித்துத் தட்டினார், மற்றொருவருக்குக் கற்றுக் கொடுத்தார். அவருக்கு மதம் இல்லை, சாதி இல்லை, வேதம் இல்லை. கையும் கல்வியுமே மனிதனை மனிதனாக்கின." கையொலி சற்றுக் குறையலாம். குறையட்டும். கேட்டுக் கொண்டிருக்கும் மாணவன் கேள்வி கேட்கும்போது, நாம் தலை குனிய நேராது.